சின்ன லேப்டாப்பும் காணாமல் போன ஓகே பட்டனும்

இராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற பாதையில், மண்டபத்துக்கு முன்னால் வருகிற ஊர் உச்சிப்புளி. இங்கே கடற்படையின் விமானதளம் ஒன்று இருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். பருந்து. பருந்துக்குக் கண் கூர்மை. மேலே எங்கேயோ பறந்தாலும் கீழே கிடக்கிற மீன் தெரியும். மனுசக் கண்ணுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

2011க்குப் பிறகு தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களின் கைக்கு அரசின் விலையில்லா மடிக்கணினி வந்தது. உச்சிப்புளி மாதிரி ஊர்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அதைத் திறந்து ஆங்கிலத்தில் எதையாவது படித்தால் பிரச்சினை இல்லை. தமிழில் ஒரு பக்கத்தைத் திறந்தால்தான் முகம் தானாகத் திரைக்குப் பக்கத்தில் போகும். இது ணகரமா, னகரமா? மேலே புள்ளி இருக்கிறதா, இல்லையா? "கண்ணு கெட்டுப்போகும், தள்ளி உக்காரு" என்று அம்மா சத்தம் போடுவார்.

கண் மேல் குற்றம் இல்லை. குற்றம் திரையில் இருக்கிற புள்ளிக் கணக்கில். அந்தக் கணக்கு எங்கே, யாரால், எதற்காகப் போடப்பட்டது என்பது ஒரு சுவாரஸ்யமான கதை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோலமும் திரையும்

கம்ப்யூட்டர் திரை என்பது புள்ளிக் கோலம் மாதிரி. இத்தனை புள்ளி, இத்தனை வரிசை என்று வைத்துக்கொண்டுதான் எந்த உருவத்தையும் போட வேண்டும். மார்கழியில் 5 புள்ளியில் ஒரு சின்னப் பூ போடலாம். அதே 5 புள்ளியில் தேர்க் கோலம் போடச் சொன்னால் முடியுமா?

எழுத்தும் அப்படித்தான். ஒரு கோட்டுக்குக் குறைந்தது ஒரு புள்ளி வேண்டும். அடுத்த கோட்டோடு ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு புள்ளி இடைவெளி வேண்டும். ஆங்கிலத்தின் சின்ன 'எம்' எழுத்துக்கு மூன்று கோடு, இரண்டு இடைவெளி, ஆக 5 புள்ளி அகலம் போதும். நம் 'ண'வை எடுத்துக்கொண்டால் சுழி, அடுத்தடுத்த வளைவுகள், கடைசியில் ஒரு கால். ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் எழுத 9, 10 புள்ளியாவது வேண்டியிருக்கும். மேலே 'கீ'யின் விசிறிக்கும், கீழே 'மூ'வின் வாலுக்கும் தனியாக இடம் ஒதுக்க வேண்டும். மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளிக்கும் இடம் வேண்டும்.

1981ல் ஐபிஎம் கொண்டுவந்த சிஜிஏ திரையில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட கட்டம் 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. தமிழை அதற்குள் திணித்தால் பொத்தான் தெறித்துவிடும்.

எழுதுகிற பொருள் எழுத்தை மாற்றுவது தமிழுக்குப் புதிதில்லை. ஓலைச்சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 1978ல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தங்களில் சிலவற்றை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது பெரிய வசதி. ஆனால் திரை விஷயத்தில் யாரும் தமிழைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கவில்லை.

96 என்ற எண்

1984ல் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தது. அச்சகத்தில் ஒரு அங்குலம் என்பது 72 பாயின்ட். ஆகவே திரையில் 12 பாயின்ட் எழுத்து, காகிதத்திலும் அதே அளவில் வரும். நல்ல ஏற்பாடு.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 72க்குப் பதிலாக 96 என்று வைத்தது. திரையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பதால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாக வேண்டும் என்ற கணக்கு. இதனால் விண்டோஸில் 12 பாயின்ட் எழுத்து என்றால் 16 புள்ளி உயரம். நிஜத் திரையில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி இருந்தாலும் விண்டோஸ் அதை 96 என்றே நினைத்துக்கொள்ளும். இதைத்தான் 100 சதவீத ஸ்கேலிங் என்கிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் 120 என்று மாற்றிக்கொள்ள வசதி இருந்தது. அது 125 சதவீதம். ஆனால் பல மென்பொருள்கள் 96ஐ மட்டும் நம்பி எழுதப்பட்டவை. 120 ஆக்கினால் எழுத்து பெட்டிக்கு வெளியே வழியும், பாதி வார்த்தை வெட்டுப்படும். பார்த்தவர்கள் பயந்துபோய் பழையபடி 96க்கே வந்துவிடுவார்கள்.

தமிழ் நிலவரம் அப்போது இன்னும் மோசம். எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றால் சிடியைப் போட்டு ஒரு கூடுதல் வசதியை நிறுவ வேண்டும். இல்லையென்றால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். எழுத்துருவே இல்லாத கணினியில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். இந்தத் தலைவலியைக் குறைத்தவர்களில் ஒருவர் இதே பாக் நீரிணைக் கரையில், அதிராம்பட்டினத்தில் பிறந்த உமர்தம்பி. வாசகர் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் இணையப் பக்கம் தமிழில் தெரிகிற மாதிரி 'தேனீ' இயங்கு எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 2006ல் மறைந்துவிட்டார். எழுத்தே தெரியாமல் இருந்தது, தெரிய ஆரம்பித்தது. அடுத்த கேள்வி, தெளிவாகத் தெரிகிறதா என்பது. அந்த நேரத்தில்தான் திரைகள் சுருங்க ஆரம்பித்தன!

7 அங்குலப் புரட்சி

அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005ல் ஓர் அறிவிப்பு செய்தார். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் ஒரு லேப்டாப். அதுதான் எக்ஸ்ஓ என்ற பச்சை நிற மடிக்கணினி. விலை கடைசியில் 200 டாலரை ஒட்டி நின்றது என்பது வேறு விஷயம். அதன் திரையை வடிவமைத்தவர் மேரி லூ ஜெப்சன். 7.5 அங்குலத்தில் 1200 × 900 புள்ளிகள், அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளி. பின்விளக்கை அணைத்துவிட்டால் சூரிய வெளிச்சத்தையே பிரதிபலித்துக் கறுப்பு வெள்ளையில் படிக்கலாம். உச்சிப்புளி வெயிலுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரியான திரை. ஆனால் இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006ல் இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

எக்ஸ்ஓ கிளப்பிய ஆசையை வியாபாரமாக்கியது தைவானின் ஆசுஸ் நிறுவனம். 2007 அக்டோபரில் ஈ பிசி 701 வந்தது. 7 அங்குலத் திரை, 800 × 480 புள்ளி. எக்ஸ்ஓவில் மொத்தம் 10,80,000 புள்ளி. ஈ பிசியில் 3,84,000. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! மடிக்கணினியில் விலை அதிகமான பாகங்களில் ஒன்று திரை. விலையைக் குறைக்க முதலில் கத்தி விழுந்த இடங்களில் அதுவும் ஒன்று. நம் பக்கத்தில் எச்சிஎல் 2008 தொடக்கத்தில் மைலீப் என்ற 7 அங்குலக் கணினியை 14,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதே 2008ல் 9, 10 அங்குலத் திரைகள் வந்தன. அளவு 1024 × 600. இவற்றுக்கு நெட்புக் என்று பெயர் விழுந்தது. இந்த 600தான் கதையின் வில்லன்.

அக்காலத்து மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை 1024 × 768. மென்பொருள் எழுதுகிறவர்கள் அதை மனதில் வைத்துத்தான் பெட்டிகளை வடிவமைத்தார்கள். நெட்புக்கில் அகலம் அதே 1024. உயரத்தில் மட்டும் 168 வரி குறைவு. நெட்புக்கில் ஏதாவது செட்டிங்ஸ் பெட்டியைத் திறந்தால் மேல் பாதி தெரியும். கீழே இருக்க வேண்டிய 'ஓகே', 'கேன்சல்' பட்டன்கள் திரைக்கு வெளியே போயிருக்கும். எலியை எவ்வளவு இழுத்தாலும் கிடைக்காது. தெரிந்தவர்கள் டேப் விசையை எண்ணி எண்ணித் தட்டி, குத்துமதிப்பாக என்டர் போடுவார்கள். லினக்ஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு பெட்டியை மேலே இழுத்துப் பார்க்கலாம். தெரியாதவர்கள் கணினி பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதை எக்செல்லில் சொன்னால் உடனே புரியும். எக்செல்லில் ஒரு வரிசையின் வழக்கமான உயரம் 20 புள்ளி. 168 வரி போனால் 8 வரிசை போச்சு. 2007ல் வந்த ஆஃபீஸ் மேலே ரிப்பன் என்று ஒரு பட்டையைப் போட்டு இன்னும் கொஞ்சம் இடத்தைச் சாப்பிட்டது. பேலன்ஸ் ஷீட்டின் மொத்தத்தைப் பார்க்க உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு குறுக்குவழியும் வந்தது. சில நெட்புக்குகளில் 1024 × 768 என்று தேர்ந்தெடுத்தால் 768 வரிகளையும் 600க்குள் நசுக்கிக் காட்டும். ஓகே பட்டன் கிடைத்துவிடும். ஆனால் ஐந்து வரிக்கு ஒரு வரி வீதம் அடுத்ததோடு கலந்துபோகும். ஆங்கிலம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். தமிழில் மெய்யின் தலையில் இருக்கிற புள்ளியே ஒன்றிரண்டு வரி உயரம்தான். அது மங்கினால் 'க்' எது, 'க' எது? திரையில் புள்ளி குறைந்ததால் எழுத்தில் புள்ளி காணாமல் போனது. ஓலைச்சுவடிக் காலத்துக்கே திரும்பிப் போன மாதிரி.

2012ல் விண்டோஸ் 8 வந்தபோது நெட்புக்கின் கதை முடிந்தது. அதன் புதிய வகைச் செயலிகள் ஓட வேண்டுமென்றால் குறைந்தது 1024 × 768 வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. 600 வரித் திரைக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

அரசு கொடுத்த 768

இப்போது தமிழ்நாட்டுக்கு வரலாம். 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு எல்காட்டுக்கு. முதல் ஆண்டில் 9.12 லட்சம் பேருக்கு 912 கோடி ரூபாய் என்பது அறிவிப்பு. வகுத்துப் பார்த்தால் ஒரு கணினிக்கு 10,000 ரூபாய்.

அந்தச் சமயத்தில் மலிவு என்றால் நெட்புக்தான். அதே 2011 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட் கூட 7 அங்குலம், 800 × 480தான். தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. முதல் தவணைகளில் வந்தவை 14 அங்குலத் திரை, 1366 × 768. உள்ளே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது நெட்புக்குக்காகவே செய்த குட்டிப் பதிப்பு. அதில் வால்பேப்பரைக் கூட மாற்ற முடியாது. ஆனாலும் திரை நெட்புக் திரை இல்லை என்பதுதான் முக்கியம். 600 இல்லை, 768. ஓகே பட்டன் தெரியும்!

திட்டத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனம் உண்டு. விற்றுவிட்டார்கள், படம் பார்க்கத்தான் பயன்பட்டது, மூடியில் முதல்வர் படம் எதற்கு என்றெல்லாம். அதையெல்லாம் தாண்டி, 14 அங்குலம் என்ற அந்த ஒரு வரி நல்ல முடிவு. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் கொடுக்கப்பட்ட திட்டத்தில் ஆரம்பமே 7 அங்குலமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அது சரி, 1366 என்ற விநோத எண் எங்கிருந்து வந்தது? பழைய 768 வரியை அப்படியே வைத்துக்கொண்டு, டிவி மாதிரி 16க்கு 9 என்ற விகிதத்தில் அகலத்தை நீட்டினால் 1365.33 வரும். அதை 1366 ஆக்கிவிட்டார்கள். டிவிக்கும் லேப்டாப்புக்கும் ஒரே விகிதம் என்றால் தொழிற்சாலைக்கு லாபம். 2012ல் ஸ்டாட்கவுன்டர் எடுத்த கணக்கில் இணையத்தில் அதிகம் பயன்படும் திரை அளவு என்ற இடத்தை 1024 × 768இடமிருந்து 1366 × 768 பறித்துக்கொண்டது. அகலம் கூடியதே தவிர உயரத்தில் ஒரு வரி கூட ஏறவில்லை. படம் பார்க்க அகலம் வேண்டும். படிக்க, கணக்கெழுத உயரம்தான் வேண்டும். திரையின் வடிவத்தை முடிவு செய்தது படம்.

பெரிதாக்கினால் என்ன ஆகும்?

இங்கேதான் ஸ்கேலிங் வருகிறது. 14 அங்குலத்தில் 1366 × 768 என்றால் அங்குலத்துக்கு 112 புள்ளி. விண்டோஸ் 96 என்று நினைத்துக்கொண்டு எழுதுவதால் எல்லாம் கொஞ்சம் பொடியாகவே தெரியும். ஆங்கிலம் தாங்கும். தமிழ் தாங்காது. எனவே ஸ்கேலிங்கை 125 சதவீதம் ஆக்கலாம்.

கணக்குப் போடுங்கள். 768ஐ 1.25ஆல் வகுத்தால் 614. எழுத்து பெரிதாகிவிட்டது, ஆனால் மென்பொருளுக்குக் கிடைக்கிற இடம் 614 வரிக்குச் சமம். அதாவது வெறும் 14 வரி வித்தியாசத்தில் மறுபடியும் நெட்புக்! ஓகே பட்டன் மறுபடியும் கீழே போய் ஒளிந்துகொள்ளும்.

தமிழ் தெளிவாகத் தெரிய வேண்டுமா, ஓகே பட்டன் வேண்டுமா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது அந்தத் திரை. ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு இந்தக் கேள்வியே வராது. அவருக்கு 100 சதவீதமே போதும். ஒரே கணினி, ஒரே விலை, ஆனால் தமிழில் படிக்கிறவருக்கு மட்டும் ஒரு வரி கூடுதல். பள்ளி, கல்லூரியில் தமிழ் மீடியம் படித்தவர்கள் திரையில் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவியதற்கும், தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டியதற்கும் எத்தனையோ காரணம் சொல்வார்கள். புள்ளிப் பற்றாக்குறையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1998ல் கிளியர்டைப் என்ற உத்தியை அறிவித்தது. எல்சிடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கீற்றுகளால் ஆனது. மூன்றையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் கிடைமட்டத்தில் மூன்று மடங்கு நுணுக்கம் கிடைக்கும். 'ண'வின் வளைவுகள் பிரிந்து தெரிய இது உதவியது. ஆனால் கீற்றுகள் பக்கவாட்டில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலும் கீழுமான நுணுக்கத்துக்கு, அதாவது தலைப்புள்ளிக்கும் விசிறிக்கும், இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

2007ல் விஸ்டா வந்தபோது ஸ்கேலிங் தெரியாத பழைய மென்பொருளை ஃபோட்டோவை இழுப்பது போல இழுத்துக் காட்டும் வசதி வந்தது. வெட்டுப்படாது, ஆனால் மங்கலாக இருக்கும். லினக்ஸில் க்னோம் பக்கம் எழுத்தை மட்டும் பெரிதாக்கலாம். மொத்தத் திரையையும் 125, 150 என்று பின்னத்தில் பெரிதாக்குவது 2019ல்தான், அதுவும் சோதனை முயற்சியாக, எட்டிப் பார்த்தது.

இப்போது கடைகளில் 14 அங்குலத்துக்கு 1920 × 1080 சாதாரணமாகிவிட்டது. இதை 150 சதவீதத்தில் வைத்தால் இடம் 1280 × 720க்குச் சமம். பழைய 768ஐ விடக் குறைவு! அப்படியானால் என்ன லாபம்? எழுத்தின் கூர்மை. முன்பு ஓர் எழுத்துக்கு 100 புள்ளி என்றால் இப்போது 225 புள்ளி. இடம் வேறு, கூர்மை வேறு. ஸ்கேலிங் என்பது இருக்கிற புள்ளிகளை இரண்டுக்கும் எப்படிப் பங்குபோடுவது என்று கேட்கிற கத்தி மட்டும்தான். பலாப்பழம் சின்னதாக இருந்தால் எப்படி வெட்டினாலும் யாருக்கோ சுளை குறையும்.

2025 மார்ச் மாதத் தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தார்கள். இந்த மாதிரி அறிவிப்பு வரும்போதெல்லாம் ரேம் எவ்வளவு, எந்தக் கம்பெனி, மூடியில் யார் படம் என்றுதான் பேச்சு ஓடும். டெண்டரில் திரைக்கு எதிரே எழுதியிருக்கிற இரண்டு எண்களில் இரண்டாவது எண்ணை யாரும் கேட்பதில்லை. தமிழில் படிக்கப் போகிறவருக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம்.

சொந்தக் காசில் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். கடைக்குப் போனால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். 'கண்ணன் மன்னன்' என்று தமிழில் அடித்து, வழக்கமாக உட்காருகிற தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். ண எது, ன எது, புள்ளி எங்கே என்று கண்ணைச் சுருக்காமல் தெரிகிறதா? தெரிந்த பிறகு அதே ஸ்கேலிங்கில் ஏதாவது ஒரு செட்டிங்ஸ் பெட்டியைத் திறந்து, ஓகே பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் தைரியமாக பில் போடச் சொல்லலாம்.